பெங்களூரு வாடகை வீட்டில் கைபேசிச் செயலி வழியே விளக்கு, கீசர், ஏசி ஆகியவற்றை இயக்குவது எப்படி

கைபேசியில் ஒரு செயலியை நிறுவி, ஹால் விளக்கையும் கீசரையும் ஏசியையும் அதன் வழியாக இயக்குவது இன்று பெரும் செலவு பிடிக்கும் வேலை அன்று. மின்னணுப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலும் இணையக் கடைகளிலும், வைஃபை வழியே கைபேசியோடு இணையும் ஸ்மார்ட் பல்பும், சுவர் பாயின்ட்டுக்கும் கருவிக்கும் இடையே செருகும் ஸ்மார்ட் பிளக்கும் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. பெட்டியைப் பிரித்த சிறிது நேரத்தில் ஒன்றை இயங்க வைத்துவிடலாம். கவனம் தேவைப்படும் பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. செயலியை நிறுவியவர் ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவால் அல்சூர் வீட்டின் குளியலறை விளக்கைப் போட முடியவில்லை என்றால், அந்த ஏற்பாட்டில் எத்தனை வசதிகள் இருந்தாலும் அது சரியாக அமைக்கப்படவில்லை என்றே பொருள். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்கிறேன். கைபேசி இல்லாதவரும், செயலியைத் திறக்கத் தெரியாதவரும், இணையம் அறுந்துபோன வேளையிலும் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டி வீட்டை இயக்க முடிய வேண்டும். செயலி அதற்கு மேல் வரும் கூடுதல் வசதியாக இருக்க வேண்டும்.

எதை இணைப்பது, எதை விட்டுவிடுவது

வாங்குவதற்கு முன், இணைக்கப்போகும் கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால், வாட் எண்ணிக்கையை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் சேமிப்புக் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 3000 வாட் உடனடிக் கீசர் ஏறத்தாழ 13 ஆம்பியரும் இழுக்கின்றன. இவற்றுக்குப் பெரிய பின் கொண்ட 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் மட்டுமே பொருந்தும். சிறிய பின் கொண்ட பிளக்கின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அதில் அந்த அளவுக்கு எதையும் செருகலாம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிளக் 10 ஆம்பியரைத் தாங்கினாலும், அது செருகப்பட்டிருக்கும் சுவர் பாயின்ட் 6 ஆம்பியருக்கு உரியது. சூடாகி உருகப்போவது அந்தப் பாயின்ட்தான்.

சில பொருள்களைச் செயலியோடு இணைக்கவே கூடாது. பக்கெட்டில் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் ராடு, இஸ்திரிப்பெட்டி, ரூம் ஹீட்டர் போன்றவை ஆள் அருகில் இல்லாமல் இயங்கத் தொடங்கினால் தீ விபத்தில் முடியலாம். பக்கெட்டில் தண்ணீர் இருக்கிறதா, இஸ்திரிப்பெட்டி துணியின் மேல் கிடக்கிறதா என்பதெல்லாம் செயலிக்குத் தெரியாது. ஆக்சிஜன் கருவி போன்ற மருத்துவச் சாதனங்களையும் ஃபிரிஜ்ஜையும் ஸ்மார்ட் பிளக்கில் செருக வேண்டாம். ஒருவர் விரல் தவறிப் பட்டாலும் அவை நின்றுவிடும், நின்றதை யாரும் உடனே அறியமாட்டார்கள்.

ஏசியைப் பொறுத்தவரை, பிளக் வழியாக மின்சாரத்தை வெட்டி அணைப்பது தவறான முறை. ரிமோட்டில் அணைத்தால் ஏசி தன் ஒழுங்குப்படி நிற்கும். மின்சாரத்தை வெட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் திடீரென நிற்கிறது, மறுபடி மின்சாரம் கொடுத்தாலும் பல ஏசிகள் தாமாகத் தொடங்குவதில்லை. வைஃபை வசதியில்லாத ஏசிக்கு ஏற்றது, ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் என்ற சிறு கருவி. அதே கருவி டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் பயன்படும். அந்தக் கதிர் சுவரைத் தாண்டாது என்பதால் அறைக்கு ஒன்று தேவை. மேலும், அது கட்டளையை அனுப்புமே தவிர ஏசியிடமிருந்து பதில் பெறாது. வீட்டில் ஒருவர் ரிமோட்டில் ஏசியை அணைத்திருந்தாலும் செயலி அது ஓடுவதாகவே காட்டக்கூடும்.

மின்விசிறியில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும், பிஎல்டிசி எனப்படும் புதிய வகை மோட்டார் கொண்ட விசிறிகள் பெரும்பாலும் ரிமோட்டோடு வருகின்றன; அந்த ரிமோட் ஐஆர் வகையாக இருந்தால் மேற்சொன்ன கருவியே அதையும் இயக்கும். 75 வாட் அளவில் ஓடும் பழைய விசிறிக்கு, விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தவென்றே செய்யப்பட்ட ஸ்மார்ட் மாட்யூலைத்தான் பொருத்த வேண்டும். விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மரை விசிறிக்குப் போட்டால் அது முனகும், நாளடைவில் அதன் கம்பிச்சுருள் சூடேறிக் கெடும்.

தனி வீட்டில் குடியிருப்போர் முதலில் கேட்பது தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான். காவிரி நீர் நாள் தவறாமல் வராத பகுதிகளில், நீர் வரும் நேரத்தில் தரைக்கு அடியில் உள்ள தொட்டியான சம்ப்பை நிரப்பி, பிறகு மேல்தொட்டிக்கு ஏற்றுவது அன்றாடக் கவலையாகவே இருக்கிறது. அலுவலகத்திலிருந்தே மோட்டாரைப் போட முடிந்தால் பெரும் நிம்மதி என்பதில் ஐயமில்லை. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக் போதும் என்று கணக்குப் போட்டால், அந்தத் தொடக்க மின்னோட்டத்தால் பிளக்குக்குள் இருக்கும் ரிலே என்ற சிறு சுவிட்சின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒட்டிக்கொண்டால் செயலியில் எத்தனை முறை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. தொட்டி வழிந்தோடும், சம்ப் வற்றியபின் மோட்டார் நீரின்றி ஓடிக் கருகும். ஆகவே ஸ்மார்ட் சுவிட்ச், அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இயக்க வேண்டும், அந்தக் கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். அதனுடன் மேல்தொட்டியிலும் சம்ப்பிலும் நீர்மட்ட உணரி இருக்க வேண்டும். தேர்ந்த எலெக்ட்ரீஷியன் செய்யும் வேலை இது. வீட்டில் இருப்பவர் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

பல்பை மாற்றுவதா, சுவிட்சை மாற்றுவதா

ஸ்மார்ட் பல்பு வேலை செய்வதற்குச் சுவர் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அறையை விட்டு வெளியே வந்ததும் சுவிட்சை அணைப்பது பெரியவர்களுக்கும், வளர்ப்பு சரியாக உள்ள பிள்ளைகளுக்கும் கைப்பழக்கம். அவர்கள் அணைத்ததும் பல்புக்கு மின்சாரம் நின்று, செயலியில் அது ஆஃப்லைன் என்று காட்டப்படும். சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைப்பதை நான் தீர்வாகக் கருதவில்லை. வீட்டில் உள்ளவர்களின் நல்ல பழக்கத்தை ஒரு பல்புக்காக மாற்றச் சொல்வது முறையன்று. பால்கனி, வாசல், இரவு முழுவதும் சிறு வெளிச்சம் வேண்டிய நடைவழி என, சுவிட்சை அதிகம் தொடாத இடங்களில் மட்டும் ஸ்மார்ட் பல்பைப் போடலாம். வாங்கும்போது ஹோல்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு முனை கொண்ட பி22 பின் ஹோல்டர் இருக்கும், திருகு வகையான இ27 அதில் பொருந்தாது.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஏற்றது, சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் சிறு ஸ்மார்ட் மாட்யூல். வெளியே பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும், தட்டினால் விளக்கு எரியும். அதே விளக்கைச் செயலியிலும் இயக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. இதற்குப் பெரும்பாலான மாட்யூல்களில் போர்டுக்குள் நியூட்ரல் வயர் தேவை. பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் கட்டாயம் இருக்கும். விளக்குச் சுவிட்ச் மட்டுமே உள்ள பழைய போர்டில் இல்லாமல் போகலாம். வாடகை வீடாயின் போர்டைத் திறப்பதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் பெற்றுக்கொள்வது நல்லது. காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் தொகையில் கழிவு பேசப்படும்போது அந்தச் செய்தி உதவும். வேலையைத் தொடங்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே வயரைத் தொட வேண்டும். போர்டின் பழைய வயர் இணைப்பை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் திரும்ப மாற்றுவது எளிது.

வைஃபையைத் தயார்செய்தல்

பல்பு, பிளக், மாட்யூல் ஆகியவற்றில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். ஃபைபர் இணைப்போடு இப்போது வரும் ராவுட்டர்கள் 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் வழங்குகின்றன. கைபேசி 5இல் இருக்கும்போது கருவியைச் சேர்க்க முயன்றால் சில நேரம் இணைவதில்லை. ‘கருவி கெட்டுப்போயிருக்கிறது’ என்று கடைக்குத் திருப்பித் தரப்படும் பிளக்குகளில் பலவற்றுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். ராவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, கருவிகளைச் சேர்க்கும்போது கைபேசியையும் 2.4இல் இணைத்துக்கொள்ள வேண்டும். பெயரிலும் கடவுச்சொல்லிலும் தமிழ் எழுத்து, இடைவெளி, விசித்திரக் குறிகள் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ஆனால் எழுத்தும் எண்ணும் மட்டும் போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் ஒரே சானலில் குவிந்திருக்கும். 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று படியாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. கைபேசியில் வைஃபை ஆய்வுச் செயலி ஒன்றை நிறுவி, இந்த மூன்றில் நெரிசல் குறைந்த சானலைப் பார்த்து ராவுட்டரில் அமைத்துவிட்டால் அடிக்கடி ஆஃப்லைன் ஆகும் தொல்லை பெருமளவு குறையும்.

செயலியில் சேர்த்தல்

கருவியைச் செய்த நிறுவனத்தின் செயலி ஒரு வகை. பல நிறுவனங்களின் கருவிகளை ஒரே இடத்தில் காட்டும் கூகுள் ஹோம், அமேசான் அலெக்சா, ஆப்பிள் ஹோம் ஆகியவை மற்றொரு வகை. எளிய வழி, முதலில் நிறுவனத்தின் செயலியில் சேர்த்து, நன்றாக இயங்குவதை உறுதிசெய்த பின் பொதுச் செயலியோடு இணைப்பது. சிறு நிறுவனங்களின் பல கருவிகள் டுயா என்ற தளத்தின் மேல் இயங்குவதால், ஸ்மார்ட் லைஃப் என்ற ஒரே செயலியில் அவற்றைச் சேர்த்துவிடலாம். கடையில் வாங்கும்போதே இதைக் கேட்டுவிட்டால் ஐந்து கருவிக்கு ஐந்து செயலி என்ற நிலை வராது.

கணக்கைத் தொடங்கும்போது, வீட்டில் ஒருவருடைய அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்கக் கூடாது. வேலை மாறினால் அந்த மின்னஞ்சல் போய்விடும், கணக்கும் அதோடு போகும். வீட்டுக்கென ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லைக் கணவன் மனைவி இருவரும் அறிந்திருப்பது சிறந்தது. நாட்டைக் கேட்கும் இடத்தில் இந்தியா என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; நேரமும் சர்வரும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

பிறகு கைபேசியில் புளூடூத்தையும் இருப்பிட அனுமதியையும் இயக்க வேண்டும். விளக்குக்கும் இருப்பிடத்துக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது இயல்பே. சுற்றியுள்ள வைஃபை, புளூடூத் பெயர்களைத் தேடுவதற்கு ஆண்ட்ராய்டு இந்த அனுமதியைக் கேட்கிறது. ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற தேர்வே போதும். விபிஎன் இயங்கினால் அந்த நேரத்துக்கு அணைத்துவிட வேண்டும்.

கருவிக்கு மின்சாரம் கொடுத்ததும் அதன் விளக்கு வேகமாகச் சிமிட்ட வேண்டும். சிமிட்டாவிட்டால், பிளக்கில் உள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பல்பாயின் சுவிட்சைச் சில முறை விட்டுவிட்டுப் போட்டு அணைக்க வேண்டும். எத்தனை முறை என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். செயலியில் மேலே உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் அருகில் உள்ள புதிய கருவி தோன்றும்; அதைத் தேர்ந்து, 2.4 வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இணைந்ததும் பெயரும் அறையும் கேட்கப்படும். ‘ஸ்மார்ட் பிளக் 3’ என்ற இயல்பான பெயரை அப்படியே விட்டுவிடாமல், வீட்டில் எல்லோரும் வாயில் சொல்லும் பெயரையே வைக்க வேண்டும்: ஹால் லைட், பூஜை ரூம் லைட், பாட்டி ரூம் ஃபேன். குரல் உதவியையும் பயன்படுத்த எண்ணினால் இப்பெயர்களை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒன்றைப் போலவே ஒலிக்கும் இரண்டு பெயர்களைத் தவிர்க்க வேண்டும்.

பெட்டியின் மேல் மேட்டர் என்ற முத்திரை இருந்தால் அது கூடுதல் நன்மை. 2022 அக்டோபரில் வெளிவந்த இந்தப் பொதுத் தரத்தைக் கூகுள், அமேசான், ஆப்பிள் ஆகிய மூன்றும் ஏற்றுக்கொண்டுள்ளன. மேட்டர் கருவி, வெளி இணையம் இல்லாதபோதும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கட்டளைகளைப் பெறும். அதற்குக் கூகுள் நெஸ்ட், எக்கோ, ஹோம்பாட் போன்ற ஒரு மையக் கருவி வீட்டில் இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு கியூஆர் கோடும் அதன் கீழ் 11 இலக்க எண்ணும் கருவியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். மாட்யூலைப் போர்டுக்குள் மூடிவிட்ட பிறகு அந்த எண்ணைப் பார்க்க வழியில்லை. ஆகவே பொருத்துவதற்கு முன்பே படம் எடுத்து வைக்க வேண்டும்.

கீசருக்கு நேரம் வைத்தல்

செயலியால் உண்மையான பயன் கிடைக்கும் இடம் கீசர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் குழாய் நீர் 20 பாகை செல்சியஸ் இருப்பதாகவும், குளிக்க 50 பாகைக்குச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்துகொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். 15 லிட்டரை 30 பாகை ஏற்ற ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் வேண்டும். 2000 வாட் கீசர் அதைக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் முடித்துவிடும். 25 லிட்டராயின் 26 நிமிடம். ஆறரை மணிக்கு முதலாமவர் குளிப்பதாக இருந்தால் ஆறு மணிக்குப் போட்டு ஆறரைக்கு அணைப்பதே போதுமானது. முந்திய இரவே போட்டுவைப்பதாலோ, எல்லோரும் குளித்து முடித்த பிறகும் அணைக்க மறப்பதாலோ, தொட்டியில் சூடு குறையக் குறைய கீசர் திரும்பத் திரும்பச் சூடேற்றிக்கொண்டிருக்கும்.

மின்சார அளவைக் காட்டும் வகைப் பிளக்கை வாங்கினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கர்நாடக அரசு 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டத்தில் பயன்பெறும் வாடகைக் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டியிருப்பதால், எந்தக் கருவி எத்தனை யூனிட் தின்கிறது என்று அறிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். ஸ்மார்ட் கருவிகளும் கொஞ்சம் தின்கின்றன என்பதை மறக்கக் கூடாது. எப்போதும் ஒரு வாட் இழுக்கும் கருவி மாதத்துக்கு முக்கால் யூனிட்டை எடுத்துக்கொள்ளும். பத்து இருந்தால் ஏழு யூனிட் ஆகிறது.

கீசருக்கான அட்டவணையில் போடும் நேரத்தைவிட அணைக்கும் நேரமே முக்கியம். சில கருவிகள் அட்டவணையைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. சில, நிறுவனத்தின் சர்வரிலிருந்து கட்டளை வருவதற்குக் காத்திருக்கின்றன. இரண்டாம் வகையில், கீசர் போடப்பட்ட பிறகு இணையம் அறுந்தால் அணைக்கும் கட்டளை வந்து சேராது. உங்கள் கருவி எந்த வகை என்பதை அறிய, மேஜை விளக்கு ஒன்றை அந்தப் பிளக்கில் செருகி, சில நிமிடங்களில் அணையும்படி அட்டவணை வைத்து, ராவுட்டரை அணைத்துப் பார்த்தால் போதும். விளக்கு நேரத்துக்கு அணைந்தால் அதை நம்பிக் கீசரை இணைக்கலாம். அணையாவிட்டால், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு அணைய வேண்டும் என்று கருவிக்குள்ளேயே எண்ணிக் கழிக்கும் கவுன்ட்டவுன் வசதியை இதே முறையில் சோதித்து, அதைப் பயன்படுத்த வேண்டும். இத்தனையும் செய்த பிறகும், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குக் கிளம்பும்போது கீசரின் சுவர் சுவிட்சைக் கையால் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும்.

விளக்குகளுக்கு நேரம் வைக்கும்போது, கடிகார நேரத்தைவிட சூரியன் மறையும் நேரத்தை அடிப்படையாகக் கொள்வது நல்லது. பெங்களூருவில் நவம்பர் இறுதியில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைகிறது. ஜூலைத் தொடக்கத்தில் ஏழு மணியை நெருங்கிவிடுகிறது. செயலியில் வீட்டின் இருப்பிடத்தைப் பெங்களூரு என்று அமைத்து, ‘சூரிய மறைவு’ என்ற தேர்வைக் கொடுத்துவிட்டால், ஆண்டு முழுவதும் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் விளக்கு தானே எரியும்.

இருப்பிடத்தை வைத்து இயங்கும் தானியக்கத்தில் ஒரு கண்ணி உண்டு. ‘நான் வீட்டை விட்டு வெளியேறியதும் எல்லாவற்றையும் அணை’ என்று ஒருவருடைய கைபேசியை மட்டும் நம்பி அமைத்தால், அவர் பால் வாங்கப் போனதும் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் இருட்டில் நிற்பார்கள். எல்லோருடைய கைபேசியும் வெளியேறிய பிறகே இயங்கும்படி அமைக்கலாம். ஆனால் கைபேசி இல்லாத தாத்தா வீட்டில் இருப்பதை அந்தக் கணக்கு அறியாது. பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இத்தகைய தானியக்கத்தையே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மின்தடையும் இணையத்தடையும்

நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது வீட்டு ஸ்மார்ட் பல்புகள் எல்லாம் ஒன்றாக எரியத் தொடங்குவது, பலரையும் இந்தக் கருவிகளின் மீது வெறுப்படையச் செய்யும் காரணம். பல பல்புகள் மின்சாரம் வந்ததும் எரியும்படியே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கருவியின் அமைப்பிலும் ‘மின்சாரம் திரும்பியபின் நிலை’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். விளக்குகளுக்கு ‘முன்பிருந்த நிலை’ என்பதையும், கீசருக்குக் கட்டாயம் ‘அணைந்த நிலை’ என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கீசரை ‘முன்பிருந்த நிலை’யில் விட்டால், காலையில் மின்சாரம் போனபோது போடப்பட்டிருந்த கீசர், ஆள் இல்லாத நண்பகலில் தானே இயங்கத் தொடங்கிவிடும்.

ராவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைப்பது, இன்னொரு ஸ்மார்ட் கருவி வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. வெளியிலிருந்து நீங்கள் கொடுக்கும் கட்டளை கைபேசியிலிருந்து சர்வருக்கும், சர்வரிலிருந்து ராவுட்டருக்கும், அதிலிருந்து கருவிக்கும் போகிறது. இவற்றில் எது நின்றாலும் கட்டளை சேராது. இன்வெர்ட்டரில் விளக்குகள் எரிந்தாலும் ராவுட்டர் அதில் இணைக்கப்படாமல் இருக்கும் வீடுகள் ஏராளம்.

கருவி ஆஃப்லைன் என்று காட்டினால், உடனே நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கத் தொடங்க வேண்டாம். அட்டவணைகள் எல்லாம் அழிந்துபோகும். அதற்கு மின்சாரம் வருகிறதா, மற்ற கருவிகள் இணைந்திருக்கின்றனவா, ராவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வீட்டாரோடு பகிர்தல்

கணக்கின் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்துவிடுவதற்குப் பதிலாக, செயலியில் ‘உறுப்பினரைச் சேர்’ என்ற வழியில் ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கோடு சேர்க்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் நிர்வாகியாக இருக்கட்டும். மற்றவர்கள் சாதாரண உறுப்பினராக இருந்தால் போதும், அவர்கள் தவறுதலாக எதையும் நீக்கிவிட முடியாது. நண்பர்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் ஒருவர் காலி செய்துகொண்டு போனால், சாவியைத் திரும்பப் பெறும் அன்றே அவரைச் செயலியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.

பெரியவர்களின் கைபேசி முகப்பில், அவர்களுக்குத் தேவையான இரண்டு மூன்று விளக்குகளை மட்டும் விட்ஜெட்டாக வைத்துக் கொடுத்தால் செயலியைத் தேடித் திறக்கும் சிரமம் இருக்காது. அவர்கள் அதைத் தொடாமல் சுவிட்சையே பயன்படுத்தினால் அதுவும் நல்லதே.

யார் எத்தனை மணிக்கு எந்த விளக்கைப் போட்டார்கள் என்பது செயலியின் பதிவில் தெரியும். பழுது பார்க்க அது உதவும். வீட்டில் இருப்பவரைக் கேள்வி கேட்க அதைப் பயன்படுத்தக் கூடாது. கேமராவுக்கும் இதுவே பொருந்தும். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் வீட்டில் கேமரா வைக்க எண்ணுபவர்கள் அவர்களிடம் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டும் வைக்க வேண்டும், படுக்கையறையில் வேண்டாம். பெங்களூரு வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். வாசல் கேமரா எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காதபடி கோணத்தைத் திருப்பிவைக்க வேண்டும்.

கணக்கின் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் ராவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. அதே கதவு இன்றும் பல வீடுகளில் திறந்தே கிடக்கிறது. ராவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவது, செயலிக் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பை இயக்குவது, கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்பது ஆகிய மூன்றும் போதிய காவல். வங்கி வேலை செய்யும் மடிக்கணினியிலிருந்து கருவிகளைப் பிரித்துவைக்க விரும்பினால் ராவுட்டரின் விருந்தினர் நெட்வொர்க்கில் அவற்றைச் சேர்க்கலாம். மேட்டர் கருவிகள் மட்டும் மையக் கருவி இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

வீடு மாறும்போது

இணைய நிறுவனத்தை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், புதிய ராவுட்டரில் பழைய வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்தும் மாறாமல் வைத்துவிடுங்கள். கருவிகள் தாமாக இணைந்துகொள்ளும். ஒவ்வொன்றையும் புதிதாகச் சேர்க்கும் வேலை மிச்சம். வீடு மாறினாலும் இதே முறை கைகொடுக்கும்.

கருவியை யாருக்காவது கொடுப்பதாகவோ வீட்டு உரிமையாளருக்கே விட்டுப்போவதாகவோ இருந்தால், செயலியில் ‘நீக்கித் தரவை அழி’ என்ற தேர்வைப் பயன்படுத்த வேண்டும். பொத்தானை அழுத்தி ரீசெட் செய்வது மட்டும் போதாது. பல கருவிகள் பழைய கணக்கோடு பிணைந்தே இருக்கும், புதியவர் சேர்க்க முயன்றால் ‘வேறொருவர் கணக்கில் உள்ளது’ என்று மறுத்துவிடும். மாட்யூல்களைக் கழற்றி, முன்பு எடுத்து வைத்த படத்தைப் பார்த்துப் பழைய வயர் இணைப்பைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு சுவிட்சையும் உரிமையாளர் முன்னிலையில் போட்டுக் காட்டிவிட்டுச் சாவியை ஒப்படைக்கலாம்.